மார்ஜின் மதினியின் நாற்பத்தெட்டுத் தாள்

உலகத்தில் நடக்கிற அத்தனை கோளாறுக்கும் இடது பக்கம் போதுமான இடம் விடாததுதான் காரணம் என்று மனதார நம்பிய ஒரே பெண்மணி எங்கள் மார்ஜின் மதினிதான். பஸ் தாமதமாக வந்தாலும் சரி, பக்கத்து வீட்டில் மாமியார் மருமகள் சண்டை வந்தாலும் சரி, "கொஞ்சம் எடம் விட்டிருந்தா இது வந்திருக்குமா?" என்பார். யோசித்துப் பார்த்தால் மாமியார் மருமகள் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். பஸ் விஷயம்தான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் முதலாளியோடு சேர்த்து ஆறு பேர், நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கீழே வத்தல் மூட்டையை அவிழ்த்தால் மேலே ஆறு பேரும் ஒரே சுருதியில் தும்முவோம். வெளியூரிலிருந்து போன் செய்கிறவர்கள், "உங்க ஆபீஸ்ல யாருக்கோ உடம்பு சரியில்ல போல" என்று அனுதாபப்படுவார்கள். "யாருக்கோ இல்ல சார், எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு நான் மறுபடி தும்முவேன்.

என் விசிட்டிங் கார்டில் 'பிசினஸ் அனலிஸ்ட்' என்று போட்டிருந்தது. அப்பா அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "கனகா, இது என்ன வேலை தாயி?" என்று ரகசியமாகக் கேட்டார். ஒரு தொழிற்சாலைக்குப் போவேன். அங்கே என்னென்ன வேலை, எது முதலில், எது அடுத்தது, யார் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு வேலையையும் கம்ப்யூட்டரில் ஒரு கட்டமாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி போடுவேன். இதற்குப் பெயர் மாடல். வரைந்து முடித்து ஒரு பட்டனை அமுக்கினால், மென்பொருள் தானாகவே அந்தக் கட்டங்களையெல்லாம் ஒரு தடிப் புத்தகமாக ஆக்கிக் கொடுத்துவிடும். அந்தப் புத்தகம் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்காது. அதைப் பார்க்கிற மாதிரி ஆக்கத்தான் மதினியை வேலைக்கு வைத்தார்கள்.

மதினி ஆமத்தூர்க்காரர். சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் எட்டு வருஷம் தினசரி காலண்டருக்குப் பக்கம் அமைத்தவர். அவருடைய கொழுந்தன் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தான். அவன் மதினி என்று கூப்பிட, நாங்களும் கூப்பிட, அவரைவிடப் பத்து வயது மூத்த எங்கள் முதலாளியும், "மதினி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டார். வருகைப் பதிவேட்டிலும் அவர் 'மதினி' என்றுதான் கையெழுத்துப் போடுவார். மூன்று வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

பிரஸ்ஸை விட்டு அவர் வந்த கதை தனி. ஒரு விளம்பரத்தை நுழைப்பதற்காக இடது மார்ஜினில் கால் அங்குலத்தை வெட்டச் சொல்லியிருக்கிறார் அங்கிருந்த மேனேஜர். மதினி மறுத்திருக்கிறார்.

"கால் இஞ்சுதானம்மா! என்னமோ சொத்தையே எளுதிக் கேட்ட மாதிரி நிக்கிறீக!"

"ஒங்க காதுல கால் இஞ்சு வெட்டிக்கிடட்டுமா சார்? கால் இஞ்சுதான?"

அன்றோடு அங்கே வேலை முடிந்தது. "திரும்பி அங்கன போனா மொத வேலையா மார்ஜின்ல கத்திய வைக்கச் சொல்லுவாக. அதுக்கு நான் வீட்ல இருந்து முறுக்குப் புளிவேன்" என்பார்.

அவர் கைப்பையில் குங்குமச் சிமிழ் இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். எண்ணெய் பரோட்டா கடையில் இலையைப் போட்டதும் பரோட்டாவை நடுவுக்கு நகர்த்தி, சால்னாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு பக்கமும் சமமாக இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். அதற்குள் என்னுடைய இலை காலியாகியிருக்கும். ஆமத்தூர் டவுன் பஸ்ஸில் ஊர்ப் பலகை கோணலாக இருக்கிறதென்று கண்டக்டரை இறக்கிச் சரிபண்ண வைத்திருக்கிறார். "இது பஸ்ஸா இல்ல கல்யாணப் பத்திரிகையா?" என்று அந்த மனிதர் முனகியிருக்கிறார். அவருக்குத் தெரியாது, கல்யாணப் பத்திரிகை என்றால் மதினி இன்னும் மோசம்.

எங்கள் ஆபீஸ் கணேசன் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்து வாசலில் பத்திரிகையைக் கையில் வாங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். ஸ்கேல் வெளியே வந்தது.

"பொண்ணு பேரு எளுத்து பதினாறு பாயிண்ட்டு. மாப்ள பேரு பதினெட்டு."

"மதினி, மெதுவா!"

"நான் என்ன சொன்னேன்? இருக்கறத சொன்னேன்."

பக்கத்தில் நின்றவர் பெண்ணின் தாய்மாமன். அவர் பத்திரிகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். பிறகு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மேளக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தாலி கட்ட முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா, இனி என்றைக்காவது வரப்போகும் வளைகாப்புப் பத்திரிகையில் மருமகள் பெயரை இருபது பாயிண்ட்டில் போடுவதாக எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொண்ட பிறகுதான் பந்தி ஆரம்பித்தது. மதினி சமர்த்தாக உட்கார்ந்து பாயசத்தை இலையின் நடுவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் கம்பெனியின் உயிர் வந்து மாட்டியது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் யூனிட் வைத்திருந்த ஒரு பட்டாசு முதலாளி, தொழிற்சாலை வேலை முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார். அதுவரை எங்களுக்கு வந்ததெல்லாம் பல்பொருள் அங்காடி பில் போடுகிற வேலை. இது யானை. ஒரே ஒரு நிபந்தனை. நாங்கள் எழுதிக் கொடுக்கிற புத்தகத்தை அவருடைய போர்மேன் படித்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் மேற்கொண்டு வேலை. எங்கள் முதலாளியும் எங்களிடம் மறைக்கவில்லை. "இந்தக் கையெழுத்து வரலன்னா ஆபீசைப் பூட்டிட்டு நான் மாமனார் எண்ணெய் மில்லுக்குப் போயிருவேன். நீங்க எங்க போவீகன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டார். எனக்கும் தெரியவில்லை.

அந்த போர்மேன் பட்டாசுத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர்; ஆனால் சத்தம் என்றால் ஆகாது. தீபாவளியன்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்துவிடுவாராம். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மிகவும் கோபம் வந்தால் உதடு மட்டும்தான் அசையும்.

மூன்று வாரம் அவர் பின்னாலேயே நடந்து நாற்பத்தெட்டு கட்டம் வரைந்தேன். பட்டனை அமுக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. மதினி தொட்டுப் பார்ப்பதற்குள் எங்கள் முதலாளி அவசரப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அதை அப்படியே எடுத்துப்போய் போர்மேன் மேஜையில் வைத்துவிட்டார்.

அந்த மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம். நாம் எழுதாத இடத்தையெல்லாம் அதுவே ஏதாவது போட்டு நிரப்பும். கட்டத்தை வரைந்தவர் பெயரை 'ஆசிரியர்' என்று போடும். பதிப்பு ஒன்று என்று போடும். நிலை, 'முன்மொழியப்பட்டது' என்று போடும். 'கடினம்' என்று ஒரு வரி. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 'எளிது' என்று அதுவே முடிவுகட்டிவிடும். இப்படி நாற்பத்தெட்டு கட்டத்துக்கும்.

போர்மேன் ஒரு பக்கத்தைத் திறந்தார். மருந்து கலக்கும் கட்டம். தவறாக ஒரு கை பட்டால் அறையோடு போகிற வேலை. குரல் இறங்கியது.

"மருந்து கலக்குறது... எளிதா தாயி?"

"அது... மென்பொருள் தானா போடுறது சார்."

"அப்ப அதை வரச்சொல்லுங்க. நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு. செருப்பைக் களட்டிப் போட்டுட்டு வரணும்."

அவர் விரல் மேலே நகர்ந்தது.

"ஆசிரியர் கனகா. இருவத்தஞ்சு வருசமா நான் பாக்கிற வேலைக்கு நீ ஆசிரியரா தாயி?"

அதற்குப் பிறகு உதடு மட்டும்தான் அசைந்தது. புத்தகம் திரும்பி வந்தது.

மதினி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மூன்று வாரம் அந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினார். 'எளிது' போனது, 'ஆசிரியர்' போனது, கோணல் அட்டவணையெல்லாம் நேரானது, இடது பக்கம் தாராளமாக இடம் வந்தது. கீழே வத்தல் மூட்டை அவிழ்க்கிற நாளில் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். பார்க்கக் கொள்ளைக்காரி மாதிரி இருந்தார். முடித்த அன்று அந்தப் புத்தகத்தைப் பார்த்து எனக்கே, நாம்தான் இதை எழுதினோமா என்று சந்தேகம் வந்தது.

மறுநாள் எங்கள் முதலாளி ஒரு கட்டத்தில் ஒரு தேதி தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்தார். மாடலில் தேதியைத் திருத்தினார். திருத்தியதோடு நிற்கக் கூடாதா? பட்டனை அமுக்கினார். மென்பொருள் புதுப் புத்தகத்தைத் தயாரித்து, மதினியின் மூன்று வார உழைப்பின் மேலேயே அதே பெயரில் சேமித்தது. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், பைண்டிங் போட்டு, தங்க எழுத்து அச்சடித்து, போர்மேனிடம் கொண்டுபோனார். கிணறு வெட்டப் பூதம் வந்த கதை. போர்மேன் திறந்தார். பார்த்தார்.

"இன்னும் எளிதாத்தான் இருக்கு" என்று காற்றிடம் சொல்லிவிட்டு மூடினார்.

அன்று பட்டாசு முதலாளியிடமிருந்து போன் வந்தது. அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழாவை அறிவித்துச் சாட்டுவதற்குள் போர்மேன் கையெழுத்து வர வேண்டும். இல்லையென்றால் சென்னைக்காரர்களிடம் கொடுத்துவிடுவார். இது மூன்றாவது, கடைசித் தரம்.

விஷயம் தெரிந்ததும் மதினி திட்டவில்லை. அழவில்லை. ஸ்கேலை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். எங்கள் முதலாளிக்கு அது அரிவாளை எடுத்ததைவிட பயமாக இருந்தது. இரண்டு நாள் பெண்மணி வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எட்டரை பஸ்ஸில் வந்து இறங்கி, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்து, என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏ புள்ள! பிரஸ்ல எளுத்துப்பிழை வந்தா என்ன செய்வாக?"

"திருத்துவாக."

"எதைத் திருத்துவாக? அடிச்சுப்போட்ட லட்சம் தாளையும் ஒவ்வொண்ணா ரப்பர் வச்சு அளிப்பாகளா? அச்சடிக்கிற பிளேட்டைத்தான மாத்துவாக! எட்டு வருசம் பிரஸ்ல இருந்த கழுதை நான், பிளேட்ட விட்டுட்டுத் தாளைத் திருத்திக்கிட்டு இருந்திருக்கேனே! இந்தப் பொட்டிக்குள்ள பிளேட்டு எங்கன இருக்கு?"

இருந்தது. டெம்ப்ளேட் என்று ஒன்று மெனுவின் அடியில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எது புத்தகத்தில் வர வேண்டும், எங்கே, எந்த எழுத்தில், எந்த அளவில் என்று அங்கே ஒரு தரம் சொல்லிவிட்டால், எத்தனை தரம் பட்டனை அமுக்கினாலும் அப்படியேதான் வரும். அது அங்கே இருப்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். திறந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. இதை மதினியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

நாலு நாள் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டெம்ப்ளேட்டைப் பிரித்து மேய்ந்தார். ஐந்தாம் நாள் பட்டனை அமுக்கச் சொன்னார். நாற்பத்தெட்டு கட்டம், நாற்பத்தெட்டே தாள். ஒரு கட்டத்துக்கு ஒரு தாள். எடுத்துப் பார்த்த எங்கள் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மதினி, இது டாக்குமெண்டா, தினசரி காலண்டரா?"

காலண்டரேதான். தாளின் நடுவில் கட்டத்தின் எண், கொட்டை எழுத்தில். அதன் கீழே வேலையின் பெயர். அதற்குக் கீழே சின்னச் சின்ன வரி. 'நல்ல நேரம்' என்ற இடத்தில் அந்த வேலையைச் செய்யலாம் என்கிற நேரம். 'ராகு காலம்' என்ற இடத்தில் செய்யவே கூடாத நேரம்: உச்சி வெயில், இடி மின்னல். 'சூலம்', எந்தப் பக்கம் சரக்கை அடுக்கக் கூடாது என்று. 'பரிகாரம்', ஏதாவது தப்பாகிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது. 'சந்திராஷ்டமம்', யார் அந்த அறைக்குள் போகவே கூடாது என்று. மருந்து கலக்கும் தாளில், 'சந்திராஷ்டமம்: புதிதாக வந்தவர்கள்' என்று போட்டிருந்தது. ஒரு கட்டத்தைப் பற்றி நான் எட்டு பக்கத்துக்கு நீட்டி முழக்கியிருந்தது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆசிரியர் மட்டும் இல்லை.

"என் பேரு எங்க மதினி?"

"காலண்டர்ல தேதிக்கு ஆசிரியர் போட்டுப் பாத்திருக்கியா?"

எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு சண்டை வந்தது. ஆபத்தான வேலையைச் சிவப்பில் போட வேண்டும் என்றேன். கூடவே கூடாது என்றார். "சிவப்புன்னா லீவு. சிவப்பைப் பாத்தா அம்புட்டுப் பேரும் தூக்குவாளியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாக." நான் விடவில்லை. அவரும் விடவில்லை. மார்ஜின்காரியிடம் யார் ஜெயிக்க முடியும்? நாற்பத்தெட்டும் கறுப்பிலேயே வந்தது.

காலண்டர் என்றால் மேலே சாமி படம் வேண்டுமே! அட்டையில், சாமி இருக்க வேண்டிய இடத்தில், நாற்பத்தெட்டு கட்டமும் அம்புக்குறியும் சேர்ந்த மொத்த மாடல் படத்தை வைத்தார். கீழே தாள்களைத் தகரப் பட்டை போட்டு அடித்து, மேலே ஒரு ஓட்டை. எங்கள் முதலாளி அழுகிற மாதிரி இருந்தார். ஆனால் மாற்றுவதற்கு நேரமில்லை. தை கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். போர்மேன் வாங்கிச் சுவரைப் பார்த்தாராம்.

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். எங்கள் முதலாளி போன் மணி அடித்தால் எழுந்து நின்றுவிடுவார். கடைசியில் பொறுக்க முடியாமல் முப்பதாம் நாள் அவர், மதினி, நான் மூன்று பேரும் வேன் பிடித்து ஏழாயிரம்பண்ணைக்குப் போனோம். வழியெல்லாம் காய்ந்த காடு.

போர்மேன் அறைச் சுவரில் ஆணியில் எங்கள் புத்தகம் தொங்கியது. பார்த்ததும் மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் கவனித்தேன், இளைத்திருந்தது. மேல்தாளில் எண் முப்பத்தொன்று என்று இருந்தது. அதற்கு முன்னால் இருந்த முப்பது தாளும் இல்லை.

"சார்... தாளெல்லாம்?" என்றார் எங்கள் முதலாளி.

"கிளிச்சாச்சு."

"கிளிச்சா...?"

"தினம் ஒண்ணு. காலையில வந்ததும்."

தினசரி காலண்டரை வேறு என்ன செய்வார்கள்? கம்பெனியின் உயிரைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறோம். மனிதர் தினம் ஒரு தாளாகக் கிழித்திருக்கிறார். மாமனாரின் எண்ணெய் மில்லில் செக்கு சுற்றுகிற சத்தம் எங்கள் முதலாளிக்குக் கேட்டிருக்கும். நான் மதினியைப் பார்த்தேன். மதினி கண்ணை மூடியிருந்தார்.

போர்மேன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காராச்சேவு டப்பாவை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே முப்பது தாளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தாளின் இடது பக்கத்திலும், மேலிருந்து கீழ் வரை, பொடி எழுத்தில் பேனாவால் நிறைய எழுதியிருந்தார்.

"நானூறு பக்கத்தைக் குடுத்துப் படின்னா எவன் தாயி படிப்பான்? இது நல்லா இருந்துச்சு. காலையில ஒண்ணக் கிளிப்பேன். அன்னைக்கு அந்த ஒரு வேலையை மட்டும் கூடவே நின்னு பாப்பேன். நீங்க எளுதுன மாதிரிதான் நடக்குதான்னு. அங்க வேலை பாக்கிற பொம்பளைகளையும் கேப்பேன். தப்பு இருந்தா எளுதிருவேன்."

நான் ஒன்பதாம் தாளை எடுத்தேன். மருந்து செலுத்தியதைக் காயவைக்கிற கட்டம். ஓரத்தில், 'காயவைத்ததும் நேரே பேக்கிங்குக்கு அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். மழை வந்தால்?' என்று எழுதியிருந்தார்.

"நீங்க போட்ட படத்துல மளையே பெய்யலையே தாயி. உங்க ஊர்ல பெய்யாதோ?"

"விருதுநகர்ல எங்க சார் பெய்யுது!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மனிதர் சிரித்துவிட்டார். சத்தம் பிடிக்காதவர், சத்தமாகவே சிரித்தார். எங்கள் முதலாளிக்கு உயிர் திரும்பியது.

"மொதல்ல குடுத்த புஸ்தகத்துலயும் நாலு எடத்துல எளுதலாம்னுதான் பேனாவை எடுத்தேன்" என்றார் போர்மேன். "எளுத எடமே இல்ல. இதுல எம்புட்டு எடம் விட்டிருக்கு பாருங்க! சரி, நமக்குன்னுதான் விட்டிருக்காக போலன்னு எளுத ஆரம்பிச்சேன். யாரு இதை அமைச்சது?"

நான் மதினியைக் கை காட்டினேன். எட்டு வருஷம் பிரஸ்ஸிலும் பிறகு எங்களிடமும் அவர் சண்டை போட்டுச் சண்டை போட்டுக் காப்பாற்றிய இடம் அந்த இடது ஓரம். அதில் ஒருவர் குடிவந்துவிட்டார். மதினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வத்தல் நெடி" என்றார். ஏழாயிரம்பண்ணையில் ஏது வத்தல்?

கையெழுத்தை அன்றே போட்டுவிடச் சொல்லி எங்கள் முதலாளி கெஞ்சினார். போர்மேன் மசியவில்லை. "இன்னும் பதினெட்டுத் தாள் இருக்குல்ல? நாப்பத்தெட்டு நாளு. ஒரு மண்டலம். பாதியில விட்டா ஆகாது."

ஆபீஸ் திரும்பியதும் அவர் எழுதிய திருத்தங்களையும், பிறகு அவர் தினம் போனில் சொன்னவற்றையும் மாடலில் ஏற்றினேன். மழைக்குப் புதிதாக ஒரு கட்டம் வரைந்தேன். மதினி பின்னால் வந்து நின்றார். "அமுக்கு புள்ள" என்றார். அமுக்கினேன். ஒரு தாள்கூட முகம் மாறாமல், எல்லாத் திருத்தத்தோடும் அப்படியே அச்சாக வந்து விழுந்தது. மதினி இடுப்பில் கைவைத்து அந்த மென்பொருளைப் பார்த்து, "இப்ப என்னலே சொல்லுத?" என்று கேட்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் புதுக் காலண்டரோடு போனோம். பழைய ஆணியில் தாள் எல்லாம் தீர்ந்து வெறும் அட்டைதான் தொங்கியது. மேலே எங்கள் மாடல் படம். அதற்கு யாரோ சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அறை கூட்டுகிற அக்கா பூவும் வைப்பாராம். போர்மேன் புதுசை வாங்கிப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். 'மழை வந்தால்' என்ற தாள். அது ஒன்று மட்டும் முழுக்கச் சிவப்பு.

"அன்னைக்கு வேலை கிடையாதே சார்" என்றார் மதினி என் பக்கம் பார்க்காமல். "அதான் சிவப்பு."

"சரியாத்தான் இருக்கு" என்றார் போர்மேன்.

அவர் அந்த வெறும் அட்டையை இறக்கி, குங்குமம் கலையாமல், நாற்பத்தெட்டு கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பங்குனிப் பொங்கல் சாட்டுவதற்கு இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது. ஒரு தாளும் இல்லாத அந்த அட்டைதான் எங்கள் கம்பெனியைக் காப்பாற்றிய ஆவணம். எங்கள் முதலாளி அதற்குக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார். மாட்டியது கோணல் என்று மதினி இரண்டு தரம் கழற்ற வைத்தார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மதினி மட்டும் கிட்டவே வரவில்லை. பிரிண்டர் பக்கம் நின்று எதையோ செய்துகொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. பையை எடுக்கும்போது ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அதே டெம்ப்ளேட், அதே எழுத்து. இடது பக்கம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடம்.

நடுவில் கொட்டை எழுத்தில், 'கனகா'. பெண் பெயர் என்பதால் இருபது பாயிண்ட். அதன் கீழே: 'கடினம்: எளிதல்ல. நல்ல நேரம்: எப்போது வந்தாலும். ராகு காலம்: இப்போது கிளம்புவது. பரிகாரம்: வாரம் ஒரு தரம் போன் செய்வது.'

நான் அழ ஆரம்பித்தேன். "தாள் மேல சிந்தாத புள்ள, மார்ஜின் சுருங்கிரும்" என்று அதட்டிவிட்டு அவரும் அழுதார்.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு வாரம்கூடப் பரிகாரத்தைத் தவறவிட்டதில்லை.